பென் டிரைவில் வரும் சரக்கு: எந்தப் பொதியில் கேட்டு வாங்குவது?

ஓமந்தையைத் தெரியாத வியாபாரி வன்னியில் இருக்க முடியாது. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், வடக்கே போகும் லொறிகள் இங்கிருந்த சோதனைச் சாவடியில் வரிசையாக நின்றன. உள்ளே என்ன இருக்கிறது, யார் அனுப்பியது, பட்டியலில் உள்ளதுதான் பொதியிலும் உள்ளதா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் சரக்கு நகராது. 2015 இல் அந்தச் சாவடி அகற்றப்பட்டுவிட்டது. இன்று அதே வீதியோரக் கடைகளுக்குப் பென் டிரைவில் வேறொரு சரக்கு வந்து இறங்குகிறது. அதுதான் பில் போடும் மென்பொருள். அதைப் பற்றி மட்டும் நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டும். ஏனென்றால் கடையின் கடன் கொப்பி இப்போது கணினிக்குள் போய்விட்டது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் பக்கமெல்லாம் சரக்குப் போட்டு வருபவன் நான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்ட அன்றே பல மாதக் கடன் கணக்கு காணாமல் போனது. முதலாளி பழைய சிட்டைகளைத் தேடி எடுத்து, வாடிக்கையாளர்களின் வாய்ச்சொல்லையும் நம்பித்தான் மீண்டும் கணக்கு எழுதினார். மென்பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பிழை, அதைப் பொதி செய்த முறையில் இருந்தது.

விண்டோஸ் கணினிக்கு மென்பொருள் வரும் பொதிகள் பிரதானமாக மூன்று வகைப்படும்.

முதலாவது, நாம் எல்லோரும் அறிந்த செட்அப் கோப்பு. இதை ஈஎக்ஸ்ஈ என்பார்கள். 1997 இல் ஜோர்டன் ரசல் வெளியிட்ட இனோ செட்அப், வின்அம்ப் மென்பொருளைத் தந்த நல்சொப்ட் நிறுவனத்தில் பிறந்த என்எஸ்ஐஎஸ் ஆகியவை இதைக் கட்டும் பிரபலமான கருவிகள். தேவையான அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கலாம். தமிழில் திரைகளைக் காட்டவும் வசதி உண்டு. குறை என்னவென்றால், உள்ளே என்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டுபவரே எழுதுகிறார். அவர் கவனமானவர் என்றால் பொதியும் நல்லது.

இரண்டாவது எம்எஸ்ஐ. ஒபிஸ் 2000 உடன் 1999 இல் மைக்ரோசொப்ட் இதைக் கொண்டுவந்தது. இது ஓடும் நிரல் அல்ல, ஒரு பட்டியல். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதை வாசித்து வேலையைச் செய்வது விண்டோஸ். நடுவில் தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும். கெட்டுப்போன கோப்பைத் திருத்தும். ஐம்பது கணினி உள்ள நிறுவனத்தில் ஓரிடத்தில் இருந்தே எல்லாவற்றிலும் போடலாம். ஆனால் கட்டுவதற்கு விதிகள் அதிகம்.

மூன்றாவது, 2018 இல் வந்த எம்எஸ்ஐஎக்ஸ். டிஜிட்டல் கையொப்பம் இல்லாமல் இதை வழமையான முறையில் நிறுவ முடியாது. நீக்கினால் சுத்தமாகப் போய்விடும். அந்தச் சுத்தமே ஆபத்தும் ஆகலாம். கணக்கை மென்பொருள் தன் சொந்த அறைக்குள் வைத்திருந்தால், நீக்கும்போது கணக்கும் சேர்ந்து போகும். விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினிகளுக்கு இது சரிவராது. எமது கடைகளில் அப்படியான கணினிகள் இன்னும் இருக்கின்றன.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன? பயர்பொக்ஸ் உலாவி பொதுமக்களுக்கு ஈஎக்ஸ்ஈ ஆகவே கிடைக்கிறது. 2019 இல் இருந்து நிறுவனங்களுக்காக எம்எஸ்ஐ பொதியும் தருகிறார்கள். சரக்கு ஒன்றுதான், சில்லறைக்கு ஒரு பொதி, மொத்தத்துக்கு ஒரு பொதி. எம்எஸ்ஐ முறையைக் கொண்டுவந்த ஒபிஸ் மென்பொருளே ஒபிஸ் 2019 இல் அதைக் கைவிட்டு வேறு முறைக்குப் போய்விட்டது. ஆகவே எது புதியது, எது பெரியது என்பது கேள்வியல்ல. கணினிக்கு முன்னால் நின்று அதை நிறுவப்போவது யார் என்பதே கேள்வி.

ஓமந்தை போன்ற இடத்தில் நிறுவப்போவது கடைப் பையனோ முதலாளியின் மகனோதான். ஒன்று அல்லது இரண்டு கணினி. இணைய இணைப்பை எப்போதும் நம்ப முடியாது. இவர்களுக்கு, இணையம் இல்லாமலே முழுதாக நிறுவக்கூடிய ஒரே ஈஎக்ஸ்ஈ கோப்புத்தான் பொருத்தம் என்பது என் கருத்து. பார்வைக்குச் சிறிதாக இருந்து, கிளிக் செய்த பின் மீதியை இணையத்தில் இறக்கும் செட்அப் வேண்டாம். பல கிளைகள் உள்ள மொத்த வியாபாரிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ விற்கும்போது எம்எஸ்ஐ பொதியும் தயாராக இருக்க வேண்டும்.

இனி, காணாமல் போன கணக்குக்கு வருவோம். அந்தப் பொதி எம்எஸ்ஐ ஆகும். கட்டியவர் கணக்குக் கோப்பையும் மென்பொருளின் ஒரு பாகமாகப் பட்டியலில் சேர்த்திருந்தார். புதிய பதிப்பு வந்ததும் பழையதை முதலில் முற்றாக நீக்கும்படியும் அமைத்திருந்தார். பட்டியலில் உள்ளதை நீக்கு என்றால் விண்டோஸ் நீக்கத்தானே செய்யும்? அதன் பின் வெற்றுக் கணக்குக் கோப்பு வந்து உட்கார்ந்தது. கணக்கைப் பட்டியலில் சேர்க்காமல், மென்பொருள் முதன்முறை ஓடும்போது தனி இடத்தில் தானே உருவாக்கும்படி செய்திருந்தால் இது நடந்திராது. இனோ செட்அப்பில், ஏற்கெனவே இருந்தால் மேலெழுதாதே, நீக்கும்போது தொடாதே என்று கோப்புக்குக் கோப்பு குறிப்பிடலாம். அதைக் குறிப்பிட மறந்தால் அங்கும் இதே கதிதான்.

கையொப்பத்தையும் கவனியுங்கள். நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும் திரையில் வெளியீட்டாளர் பெயர் வரும். கையொப்பம் இல்லையென்றால் 'தெரியாதவர்' என்று காட்டும். பல கணினிகளுக்குப் போய்வரும் பென் டிரைவில் வைரஸ் ஒட்டிக்கொள்வது புதிதல்ல. கையொப்பமிட்ட கோப்பை வழியில் எவர் மாற்றினாலும் அந்த முத்திரை செல்லாது. ஆனால் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் இரகசியச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில் வைக்க வேண்டும் என்பது விதி. மென்பொருள் எழுதும் எமது இளைஞர்கள் இந்தச் செலவை விலையில் சேர்த்துக் கேட்டால், வியாபாரிகள் முகம் சுளிக்கக் கூடாது.

ஆகவே மென்பொருள் விற்க வருபவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் கணக்குக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது? புதிய பதிப்பு போட்டால் அதற்கு என்ன ஆகும்? மென்பொருளை நீக்கினால் என்ன ஆகும்? இணையம் இல்லாமல் நிறுவலாமா? தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். அப்படி வாங்கினாலும், ஒவ்வொரு முறை புதிய பதிப்பு போடுவதற்கு முன்பும் கணக்குக் கோப்பை இன்னொரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அது வேறொரு கணினியில் திறக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இதற்கு அரை மணித்தியாலம்கூடப் போகாது.