மூளைப் படிமத்தில் மூச்சும் நாடியும்: இருமொழியாளர் ஆய்வு நோக்கி

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலிகளின் தோற்றத்தை உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்கி விளக்குகிறது. பேச்சுக்கு முதலான அக்காற்றே, மொழியை மூளையில் காண முயலும் இன்றைய ஆய்வுக்கு இடையூறாகவும் அமைகிறது. சத்தியவேடு போன்ற இருமொழி வட்டாரங்களை ஆய்வுக்களமாகக் கொள்வோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

1. இரைச்சலின் தோற்றம்

செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் படிமம் நரம்பணுக்களின் செயலை நேரடியாக அளப்பதில்லை. 1990இல் செய்ஜி ஒகாவா குழுவினர் காட்டியவாறு, குருதியின் ஆக்சிஜன் அளவைப் பொறுத்து மாறும் குறிகையையே அது பதிவு செய்கிறது. மொழிச்செயலால் அதில் விளையும் மாற்றம் சில விழுக்காடே ஆகும். மார்பின் அசைவு காந்தப்புலத்தைச் சற்றே மாற்றுகிறது. நாடித் துடிப்பு மூளைத் திசுக்களை அசைக்கிறது. மூச்சின் ஆழம் மாறுகையில் கரியமில வாயுவின் அளவு மாறி, மூளையெங்கும் குருதியோட்டம் வேறுபடுகிறது.

நிமிடத்திற்கு 66 முறை துடிக்கும் இதயத்தை 2 விநாடிக்கு ஒரு படிமம் என்ற வீதத்தில் பதிவு செய்தால், அத்துடிப்பு 10 விநாடிக்கு ஒருமுறை எழும் மெல்லலையாகத் தோன்றும். மொழிச்செயலின் குறிகையும் மெல்லவே எழுந்து தணிவதாகலின், எளிய வடிகட்டலால் இரண்டையும் பிரித்தல் இயலாது.

2. குறைக்கும் முறைகள்

விரல் நுனியில் நாடி உணரியும் வயிற்றின்மேல் மூச்சளக்கும் பட்டையும் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு படிமமும் நாடி, மூச்சு ஆகியவற்றின் எக்கட்டத்தில் எடுக்கப்பட்டது எனக் கணித்து, அதற்குரிய பங்கைக் கழிக்கும் முறையைக் குளோவர், லி, ரெஸ் ஆகியோர் 2000இல் வெளியிட்டனர். மூச்சின் ஆழ மாற்றத்தைப் பிர்ன் குழுவினர் 2006இல் கணக்கில் கொண்டனர். கருவிப் பதிவு இல்லாதவிடத்து, வெண்பொருளிலும் மூளைத்தண்டுவட நீரிலும் காணும் ஏற்றத்தாழ்வை இரைச்சலின் அளவாகக் கொள்ளும் முறை 2007இல் வெளிவந்தது.

3. மொழியாய்வில் எழும் சிக்கல்

சத்தியவேடு 1960இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரப் பிரதேசத்திற்கு மாற்றப்பட்ட எல்லைப் பகுதியாகும். அங்குத் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. அத்தகைய ஊரின் இருமொழியாளர் ஒருவர் ஒரே செய்தியை இரு மொழிகளிலும் உரக்கப் படிப்பதாகக் கொள்வோம். தொடரின் நீளம் வேறுபடின் மூச்சு வாங்கும் இடமும் வேறுபடும். குறைவாகப் பழகிய எழுத்தில் இடைநிறுத்தங்கள் மிகும். அந்நிலையில் மூச்சின் வேறுபாடு மொழியின் வேறுபாடாகப் பிறழ உணரப்படலாம். மாறாக, படித்தலோடு ஒன்றிவரும் மூச்சின் பங்கை முற்றிலும் கழித்தால், மொழிக்குரிய குறிகையும் உடன் கழிந்துவிடும்.

எனவே கணக்கீடு மட்டும் போதாது. இரு மொழித் தொடர்களையும் சொல்லெண்ணிக்கையால் மட்டுமன்றிப் படிக்கும் நேரத்தாலும் சமன்செய்தல், மொழிகளின் வரிசையைக் கலத்தல், மௌன வாசிப்பை ஒப்பீட்டிற்குச் சேர்த்தல் ஆகியன தேவை. இச்சமன்பாட்டைப் பனுவலிலேயே அமைத்துத் தரவல்லவர்கள் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளருமே ஆவர்.