கபடியில் ஆபத்தான ஆட்டம்

கபடியில் ஆபத்தான ஆட்டம் என்பது எதிரணி வீரரைப் பிடிக்கும்போதோ, பிடியிலிருந்து விடுபடும்போதோ அவருடைய உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய, விதிகளால் தடை செய்யப்பட்ட செயல்களைக் குறிக்கும். கபடி அல்லது சடுகுடு உடலோடு உடல் மோதும் விளையாட்டு. ஆகையால் வலுவான பிடி ஆட்டத்தின் இயல்பான பகுதியே ஆகும். அந்த வலிமை எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதை விதிநூலும் களத்தில் நிற்கும் நடுவரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றனர். இந்தியா, ஈரான் ஆகிய நாடுகளுக்கு இடையிலான போட்டி வலுப்பெற்ற பின்னர், நடுவர் தீர்ப்புகள் பன்னாட்டு அளவில் கூர்ந்து கவனிக்கப்படுகின்றன.

ஆட்டமுறை

ஓர் அணியில் களத்தில் ஏழு வீரர்கள் ஆடுவர். ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு வீரர் "கபடி, கபடி" என்று இடைவிடாது பாடியபடி எதிரணியின் பகுதிக்குள் செல்வார். இவர் பாடுபவர் அல்லது ரைடர் எனப்படுவார். எதிரணியினரைத் தொட்டுவிட்டு 30 நொடிகளுக்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அவர் திரும்பாதபடி தடுப்பது பிடிப்பவர்களின் வேலையாகும்.

இங்குதான் ஆபத்துக்கான வாய்ப்பு உருவாகிறது. பாடுபவர் தனியாள். பிடிப்பவர்கள் ஒரே நேரத்தில் மூவர், நால்வர் எனப் பாயலாம். பிடிபட்டவரின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டாலும் அவரைத் தொட்டுப் பிடித்த அனைவரும் ஆட்டமிழப்பர். எனவே அவரைக் கோட்டிலிருந்து விலக்கி இழுப்பதும், தரையிலிருந்து தூக்குவதும் வழக்கமாக நிகழ்கின்றன.

காயங்களின் வகைகள்

* முழங்கால்: கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, உடல் வேறு திசையில் திரும்பும்போது முழங்காலின் தசைநார்கள் கிழியக்கூடும். மெத்தை விரிப்பில் காலணியின் பிடிமானம் மிகுதி. அதனால் பாதம் நிலையாக நின்றுவிட, மூட்டு மட்டும் திருகுவதும் உண்டு.
* தோள்: கையை நீட்டியபடி விழும்போதும், இருவர் கைகோத்து மறிக்கும் சங்கிலிப் பிடியில் மோதும்போதும் தோள்மூட்டு விலகலாம்.
* தலை, முகம்: பாய்ந்து பிடிப்பவரின் தலை பாடுபவரின் முழங்காலில் மோதுவதால் வெட்டுக்காயங்களும் மூளை அதிர்ச்சியும் ஏற்படலாம்.
* விரல், கணுக்கால்: சுளுக்கு, எலும்பு முறிவு ஆகியன.

எல்லாக் காயங்களும் விதிமீறலால் ஏற்படுவன அல்ல. 2022ஆம் ஆண்டு புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி, பவன் செராவத் என்னும் வீரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அக்டோபர் 8 அன்று நடந்த அணியின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை.

விதிகள்

கபடி விதிகளின் அடிப்படை எளிமையானது. பாடுபவரை அவருடைய கைகால்களிலோ உடற்பகுதியிலோ மட்டுமே பிடிக்கலாம். தலைமுடி, கழுத்து, ஆடை ஆகியவற்றைப் பற்றிப் பிடிப்பது முறையான பிடி ஆகாது. பின்வருவனவும் தடை செய்யப்பட்டவை.

* பாடுபவரின் வாயைப் பொத்தி, பாட்டை நிறுத்த முயல்வது.
* காயம் உண்டாகும் வகையில் வன்மையாகப் பிடிப்பது அல்லது வீழ்த்துவது.
* இரு கால்களுக்கிடையே எதிராளியைச் சிக்கவைத்து நெருக்கும் கத்திரிப் பிடி.

வாயைப் பொத்துவதற்குத் தனி விதி இருப்பதன் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. பாட்டு நின்றால் பாடுபவர் ஆட்டமிழப்பார். ஆதலால் மூச்சை அடைப்பது பிடிப்பவர்களுக்கு எளிய குறுக்குவழியாகிவிடும்.

வீரர்கள் நகங்களை வெட்டியிருக்க வேண்டும். அணிகலன்கள் அணியக் கூடாது. பிடி நழுவும்படி உடலில் எண்ணெய் முதலியவற்றைப் பூசிக்கொள்ளவும் கூடாது.

குற்றம் புரியும் வீரருக்கு மூன்று நிற அட்டைகள் காட்டப்படுகின்றன. பச்சை அட்டை எச்சரிக்கை ஆகும். மஞ்சள் அட்டை பெற்றவர் இரண்டு நிமிடங்கள் வெளியேற வேண்டும். சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்திலிருந்து நீக்கப்படுவார்.

நடுவரின் பணி

ஓர் ஆட்டத்திற்கு ஒரு நடுவர், இரண்டு துணை நடுவர்கள், ஒரு புள்ளிக் குறிப்பாளர், அவருக்கு இரண்டு உதவியாளர்கள் என அலுவலர்கள் நியமிக்கப்படுகின்றனர். கழுத்தைப் பிடித்தாரா, காலைப் பிடித்தாரா என்பது கண்ணால் கண்டு சொல்லக்கூடியது. அதில் வீரரின் நோக்கத்தை ஆராயத் தேவையில்லை. ஆனால் "வன்மையாக" என்னும் சொல்லுக்கு அளவுகோல் இல்லை. ஒருவரைத் தூக்குவது முறையானது. தூக்கியவரைத் தரையில் அறைவது குற்றம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நொடிக்கும் குறைவான நேரமே உள்ளது. அந்த நேரத்தில் பலர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடப்பதால் நடுவரின் பார்வை மறைக்கப்படுவதும் உண்டு. பெரிய போட்டிகளில் இக்குறையைப் போக்கக் காணொளி மறுபார்வை பயன்படுத்தப்படுகிறது.

ரக்பியுடன் ஒப்பீடு

எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் மற்றொரு விளையாட்டான ரக்பியும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளது. அதில் தோள்மட்டத்திற்கு மேல் பிடிப்பதும், தூக்கித் தலைகீழாகப் போடுவதும் குற்றங்கள் ஆகும். 2005இல் நியூசிலாந்துக்கு எதிரான முதல் தேர்வு ஆட்டத்தில் பிரித்தானிய, ஐரிய லயன்ஸ் அணித்தலைவர் பிரையன் ஓ'டிரிஸ்கால் இவ்வாறு வீழ்த்தப்பட்டு அவருடைய தோள்மூட்டு விலகியது. வீழ்த்தியவர்கள் தண்டிக்கப்படவில்லை. அதன்பின் விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்துமாறு நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. 2011 உலகக்கோப்பை அரையிறுதியில் வேல்ஸ் அணித்தலைவர் சாம் வார்பர்ட்டன் பிரான்சு வீரரைத் தூக்கிப் போட்டதற்காக, ஆட்டம் தொடங்கி இருபது நிமிடங்கள் ஆவதற்குள் சிவப்பு அட்டை பெற்றார். வேல்ஸ் 8–9 என்ற புள்ளிகளில் தோற்றது. தலையில் அடிபட்டதாக ஐயுறப்படும் வீரரை வெளியேற்றிச் சோதிக்கும் முறையும் ரக்பியில் 2012 முதல் செயற்படுத்தப்பட்டது.

இந்தியா – ஈரான் போட்டி

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1990இல் கபடி சேர்க்கப்பட்டது. அது முதல் 2014 வரை ஆண்கள் பிரிவில் ஏழு தங்கப் பதக்கங்களையும் இந்தியாவே வென்றது. 2004, 2007, 2016 ஆகிய ஆண்டுகளின் உலகக்கோப்பை இறுதி ஆட்டங்கள் மூன்றிலும் இந்தியா ஈரானை வென்றது. 2014 ஆசிய இறுதி ஆட்டத்தில் வேறுபாடு இரண்டே புள்ளிகளாகக் (27–25) குறைந்தது.

2018இல் சகார்த்தாவில் நிலைமை மாறியது. அரையிறுதியில் ஈரான் 27–18 என இந்தியாவை வென்றது. பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரான் 27–24 என வென்றது. அந்த ஈரானியப் பெண்கள் அணிக்குப் பயிற்சி அளித்தவர் இந்தியரான சைலஜா ஜெயின் என்பது குறிப்பிடத்தக்கது.

2023 அக்டோபர் 7 அன்று காங்சூவில் நடந்த ஆண்கள் இறுதி ஆட்டம் 28–28 எனச் சமநிலையில் இருந்தபோது, காயத்திலிருந்து மீண்டு இந்தியத் தலைவராக ஆடிய பவன் செராவத் பாடிச் சென்றார். எவரையும் தொடாமல் அவர் லாபி எனப்படும் பக்கவாட்டுப் பகுதிக்குள் நுழைய, ஈரானியர் சிலரும் பின்தொடர்ந்து நுழைந்தனர். பாடுபவர் மட்டும் ஆட்டமிழந்தாரா, பின்தொடர்ந்தவர்களும் ஆட்டமிழந்தனரா என்பதில் பழைய விதியும் புதிய விதியும் வேறுபட்டன. தீர்ப்பு மாறி மாறி வழங்கப்பட்டதால் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தடைப்பட்டது. முடிவில் இந்தியா 33–29 என வென்றது. இது ஆபத்தான ஆட்டம் பற்றிய சர்ச்சை அன்று. எனினும் களத்தில் எந்த விதி நடப்பிலுள்ளது என்பதே தெளிவாக இல்லாவிடில், எந்தத் தீர்ப்பும் இரு அணிகளாலும் ஏற்கப்படாது என்பதை இது காட்டியது.

2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் இரு இறுதி ஆட்டங்களிலும் இந்தியா ஈரானை வென்றது. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும், ஆண்கள் அணியில் வடுவூரைச் சேர்ந்த அபினேசும் இடம்பெற்றிருந்தனர்.

ஊர்ப்புறப் போட்டிகள்

பன்னாட்டு வீரர்களுள் பலர் ஊர்ப்புறக் களங்களில் ஆடி வளர்ந்தவர்களே. நாஞ்சில் நாடு உட்பட, தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பொங்கல், கோவில் கொடை போன்ற விழாக்களை ஒட்டி இளைஞர் மன்றங்கள் கபடிப் போட்டிகளை நடத்துகின்றன. இவற்றில் பல மண் தரையில், மின்விளக்கு ஒளியில், இரவு முழுவதும் நடப்பவை. மறுபார்வைக் காணொளியோ மருத்துவரோ பெரும்பாலும் இருப்பதில்லை. 2022 சூலையில் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு போட்டியில் களத்தில் விழுந்த இளம் வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

அடிபட்டு மயங்கியவர் உடனே எழுந்து நின்றாலும் அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறங்கக் கூடாது. கழுத்தில் அடிபட்டவரைக் கைகளைப் பிடித்துத் தூக்கி அமர வைக்கக் கூடாது. தலையும் கழுத்தும் அசையாதபடி படுக்கவைத்தே கொண்டு செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணில் அவசர ஊர்தியை இலவசமாக அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* கபடி
* புரோ கபடி லீக்
* ஆசிய விளையாட்டுப் போட்டிகள்
* ரக்பி