எப் எண்ணைப் புரிந்து கொள்வோம்

டிஜிட்டல் கேமரா வாங்கிப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் புதியவர்கள் பலர் கேட்பது, "அப்பெர்ச்சர் என்றால் என்ன?" என்பதுதான். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையே அப்பெர்ச்சர். நம் கண்மணி வெயிலில் சுருங்கி இருட்டில் விரிவதைப் போல, இதனையும் சுருக்கலாம், விரிக்கலாம்.

இதன் அளவினை எப் எண்ணால் குறிப்பிடுகின்றனர். லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எப்/2 என்றால் துளை 25 மி.மீ.; எப்/8 என்றால் சுமார் 6 மி.மீ. எண் பெரிதானால் துளை சிறிதாகும். 2, 2.8, 4, 5.6, 8 என ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகும். ஆனால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடும்.

புளியந்தோப்பில் என் வீட்டருகே உள்ள அன்பர் ஒருவர், பென் டிரைவில் ஒரு குடும்பப் படத்தைக் கொண்டு வந்தார். தரையில் பேரப்பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில் பாட்டி, கடைசியில் மற்றவர்கள். பிள்ளைகள் பளிச்சென்று இருந்தனர். பாட்டியின் முகம் கலங்கியிருந்தது. பாட்டி இப்போது இல்லை. "சரி செய்து கொடுங்கள், சுவரில் மாட்ட வேண்டும்" என்றார்.

படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபில் பார்த்தோம். எப்-ஸ்டாப் எதிரே எப்/1.8 என இருந்தது. பிள்ளைகள் தெளிவாக இருப்பதால் கை ஆடவில்லை என்பது உறுதி. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், 50 மி.மீ. லென்ஸுடன் 4 மீட்டர் தள்ளி நின்றால், எப்/1.8ல் தெளிவான ஆழம் அரை மீட்டர்கூட இல்லை. எப்/8ல் சுமார் 2 மீட்டர் கிடைக்கும். மூன்று வரிசையும் அடங்கிவிடும்.

கலங்கிய முகத்தைச் சாப்ட்வேர் கூர்மையாக்கலாம். இன்றைய ஏ.ஐ. புரோகிராம்கள் புது முகமே வரைந்து தரும். ஆனால் அது ஊகம், பாட்டியின் முகமல்ல. அதே போல்டரில் பாட்டி முன்னால் நின்ற வேறொரு படம் தெளிவாக இருந்தது. அதனையே பிரின்ட் எடுக்கச் சொன்னேன்.

எனவே குழுப் படம் எடுக்கையில் டயலை, கேனானில் ஏவி, நிக்கானில் ஏ எனத் திருப்புங்கள். எப்/8 வைத்து நடு வரிசையில் போகஸ் செய்யுங்கள். எப்/1.8ஐ விட ஒளி சுமார் 20 மடங்கு குறையும் என்பதால், அறையை விட்டு மொட்டை மாடி நிழலுக்கு வாருங்கள், அல்லது ஐ.எஸ்.ஓ. கூட்டுங்கள். பெரும்பாலான செல்போன்களில் இந்தத் துளையை மாற்ற இயலாது. குழுப் படத்திற்கு போர்ட்ரெய்ட் மோடை அணைத்து வைத்தாலே போதும்.

பழகிப் பார்க்க விரும்பினால், 1856ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்புத் தூண் வரிசை நல்ல இடம். ஓரமாக நின்று, முதல் தூணில் போகஸ் செய்து, எப்/1.8, எப்/8 என இரண்டு படங்கள் எடுங்கள். மானிட்டரில் அருகருகே திறந்து பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.