படகில் ஓர் உயிர்மீன் தொட்டி

ஒன்ராறியோ மாகாணத்தின் சிம்கோ, றைஸ் முதலிய ஏரிகளில் கோடை விடுமுறை நாட்களில் எம்மவர் தூண்டிலுடன் நிற்பது புதுமையன்று. கரையிலிருந்து தூண்டில் போட்டவர்களுள் சிலர் பழைய அலுமினிய வள்ளமொன்றை மலிவாக வாங்கி நீரிலும் இறங்கிவிடுகின்றனர். பிடித்த மீனை எங்கே வைப்பது என்பதே அவர்களுக்கு எழும் முதல் வினா. பெரும்பாலும் ஒரு வாளி நீரே விடையாகிறது. கோடை வெயிலில் அவ்வாளியிலுள்ள மீன் சிறிது நேரத்திலேயே பக்கவாட்டில் சரிந்து மிதக்கத் தொடங்கும்.

வாளியில் நாம் வைக்கும் நம்பிக்கை ஊரிலிருந்து வந்ததாக இருக்கலாம். குளத்து விரால் சிறிதளவு நீரிலும் மணிக்கணக்கில் உயிருடன் கிடக்கும். அது வெளிக்காற்றையும் சுவாசிக்கவல்ல மீன். இவ்வேரிகளின் பாஸ் மீனுக்கு அந்த ஆற்றல் இல்லை. நீரில் கரைந்துள்ள ஒட்சிசனையே அது முற்றாக நம்பியுள்ளது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது 7.5 ஆகக் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீனின் தேவை கூடுகிறது, நீரின் இருப்போ குறைகிறது. மீன் வெளியேற்றும் அமோனியாவும் தேங்கிய நீரில் சேர்ந்துகொள்ளும். (விராலை உயிருடன் வைத்திருப்பதே ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்க வேண்டும்.)

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. பிடித்தவுடன் நீரில் விடாத மீன், பின்னர் விடப்பட்டாலும், அன்றைய வரம்பிற் சேரும் என்பது மாகாண மீன்பிடி விதி. பாஸ், வோலாய், பைக் ஆகியவற்றை முறையான உயிர்மீன் தொட்டியில் வைத்திருந்து, தெரிந்தெடுத்து விடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அத்தொட்டி படகுடன் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். 46 லீற்றருக்குக் குறையாத நீரைக் கொள்ள வேண்டும். நீரை மாற்றும் வசதியும் இயந்திரக் காற்றூட்டலும் வேண்டும். வாளி இவற்றுள் எதற்கும் பொருந்தாது. அகதிக் கோரிக்கை விசாரணையை எதிர்நோக்கியிருப்பவர் எவரும், ஏரிக்கரையில் அதிகாரி எழுதும் தண்டச்சீட்டை இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கடையில் வாங்கும் தொட்டி விலை கூடியது. சாதாரண பனிக்கட்டிப் பெட்டியொன்றைக் கொண்டே இதனை அமைத்துவிடலாம். 65 லீற்றர் அளவுப் பெட்டி போதுமானது. பெட்டியின் மேல் எழுதப்பட்ட அளவு வேறு, அதில் நிற்கும் நீரின் அளவு வேறு. வழிந்தோடும் துவாரம் வரைதான் நீர் நிற்கும். 50 லீற்றர் நிற்குமாறு அத்துவாரத்தின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

12 வோல்ற் பம்பி ஒன்றைப் படகின் பின்பலகையில், நீருள் அமிழ்ந்திருக்குமாறு இறுக்கியால் பொருத்துவது உகந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே வள்ளத்தில் துளையிடுவது பழக்கமில்லாதவர் செய்யத்தக்க வேலையன்று. மணிக்கு 1,900 லீற்றர் இறைக்கும் பம்பி ஏறத்தாழ 2 அம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் 16 அம்பியர் மணிதான். மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் ஓர் உருகியை இணைத்தல் அவசியம்.

முக்கால் அங்குலக் குழாய் வழியாக நீர் பெட்டிக்குள் வரும். உள்ளே, மூடிக்குச் சற்றுக் கீழே, ஒரு பீ.வீ.சீ. குழாயைக் கிடையாகப் பொருத்தி, முனையை அடைத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் துளைகளை வரிசையாக இடவேண்டும். அத்துளைகளிலிருந்து பீறிடும் நீர் விழும்போது காற்றையும் உள்ளிழுத்துச் செல்லும். வெளியேறும் குழாய் ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். உள்ளே வருவது பம்பியின் விசையால், வெளியே செல்வது புவியீர்ப்பினால் மட்டும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தவரின் வள்ளத்துக்குள்தான் நீர் நிறையும். வெளிவாய், வள்ளம் ஆட்களுடன் பாரமேறி நிற்கும்போதும் நீர்மட்டத்துக்கு நன்கு மேலே இருத்தல் வேண்டும்.

பெட்டியின் பொலித்தீன் சுவரில் சிலிக்கன் பசை உறுதியாக ஒட்டாது. இருபுறமும் றப்பர் வளையமிட்டுத் திருகி இறுக்கும் பிளாஸ்ரிக் இணைப்பே நீரைத் தடுக்கும். செம்பு, பித்தளை இணைப்புகள் வேண்டாம். நீரிற் கரையும் செம்பு மீனுக்கு நஞ்சு, அலுமினியத்தையும் அரிக்கும். உட்புறத்தில் கூர்மையான விளிம்பு எதுவும் விடாது தேய்த்துவிட வேண்டும். மீனின் உடலைப் போர்த்திய வழுவழுப்புப் படலம் உராய்ந்து போனால், விடப்பட்ட மீனும் பின்னர் நோயுற்று இறக்கக்கூடும்.

நீரைக் குளிர்விக்கப் பனிக்கட்டியை நேரடியாகக் கொட்டலாகாது. குழாய்நீரில் உறைந்த கட்டியெனில் அதிலுள்ள குளோரீன் மீனைத் தாக்கும். நீர் நிரப்பி உறையவைத்த, மூடிய போத்தல் நல்லது. ஏரிநீரை விடச் சில பாகை குறைந்தாற் போதும்.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது எடையாகும். 50 லீற்றர் நீர் 50 கிலோ. மெலிந்த ஓர் ஆளின் எடை. வள்ளத்தின் கொள்ளளவுத் தகட்டில் நால்வர் என்றிருந்தால், தொட்டியுடன் மூவர் என்றே கணக்கிட வேண்டும். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செல்வோர் இதனைத் தட்டிக்கழித்தலாகாது. பெட்டியை நடுவில், அடித்தட்டிலே வைத்து, பட்டிகொண்டு வள்ளத்துடன் இறுக்கிக் கட்டவேண்டும். அரைகுறையாக நிரம்பிய நீர் வள்ளம் சாயும் பக்கத்துக்கே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். ஓடும்போது ஒன்றில் குறித்த மட்டம்வரை நிறைந்திருக்க வேண்டும், அன்றேல் வெறுமையாக இருக்க வேண்டும்.

எம்மவர் மீன் பிடிப்பது பெரும்பாலும் கறிக்கே. உண்ணவே பிடிப்பவருக்கு, வரம்புக்குட்பட்ட மீனை உடனே கொன்று இரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் வைப்பதே மேல் என்பது எனது கருத்து. தொட்டியிற் கிடந்து நலிந்து இறக்கும் மீனின் தசை விரைவில் இளகிவிடும். பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை விட விரும்புவோருக்குத்தான் இத்தொட்டியால் மெய்யான பயன்.

கரை சேர்ந்ததும் ஒரு வேலை உண்டு. 2022 ஜனவரி 1 முதல், படகைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் வடிகாற் செருகிகளைத் திறந்து நீரை வெளியேற்றுவதும், ஒட்டியுள்ள நீர்த்தாவரங்களை அகற்றுவதும் ஒன்ராறியோவில் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. 1988இல் சென் கிளயர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிச் சிப்பி, பிற ஏரிகளுக்குப் பரவியதில் இவ்வாறு தேங்கிய நீருக்கும் பங்குண்டு. உயிர்மீனை அனுமதியின்றித் தரைவழியே கொண்டுசெல்வதும் குற்றமாகும். ஆதலால் வீட்டுக்குரிய மீனைத் துறையிலேயே கொன்று, தொட்டியை வடித்து, குழாயையும் பம்பியையும் கழுவி, மூடியைத் திறந்துவைத்துக் காயவிட்ட பின்னரே அடுத்த ஏரிக்குப் புறப்பட வேண்டும்.