அம்மா கைக்கு ஒரு படம், தாத்தாவுக்கு 50 காசு கார்டு! பொங்கல் லீவில் ஆடலூர் சுட்டீஸுக்கு ஜாலி வேலைகள்

ஆடலூர்: டவுன் பிள்ளைகளுக்கு லீவு என்றால் பல வீடுகளில் அப்பா, அம்மாவுக்கும் லீவு. ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி பக்கம் கதையே வேறு. ஜனவரி என்றால் கீழ்பழனி மலையில் காபி பழம் பறிக்கும் சீசன். பழுத்த பழம் பொங்கலுக்காகக் காத்திருக்காது. விட்டால் செடியிலேயே காய்ந்து கீழே உதிர்ந்துவிடும். அதனால் தை முதல் நாள் பானை வைத்துவிட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடும் அம்மாக்கள் இங்கு உண்டு.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு செல்போன்தான் துணை. 'லீவுலகூட அம்மா வீட்ல இருக்க மாட்டேங்குதே' என்று அதற்கு ஒரு ஏக்கம். நாள் முழுக்க சரிவில் நின்று பறித்துவிட்டு வரும் அம்மாவுக்கோ, 'நம்ம கஷ்டம் இதுக்குத் தெரியுதா' என்று ஒரு ஆதங்கம். ரெண்டு பக்கமும் பாசம் கொட்டிக் கிடக்கு. அதை வெளியே காட்டத்தான் யாரும் பழக்கவில்லை.

நம் வீடுகளில் அம்மாவைப் பார்த்து 'நன்றி' என்று சொன்னால், 'என்னடா, யாரோ மூணாவது மனுஷங்கிட்ட பேசுற மாதிரி பேசுற' என்று சிரிப்பார்கள். அந்த வார்த்தை நம் வீட்டு அடுப்படிக்குள் வந்து பழக்கம் இல்லை. அதனால் பிள்ளைகளிடம் 'தேங்க்ஸ் சொல்லு' என்று நச்சரிப்பதை விட, கையில் ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. பைசா செலவும் அதிகம் கிடையாது.

கையை வரைஞ்சு பாருங்க!

ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில் போதும். அம்மா வேலை முடிந்து வந்ததும் அவர் கையைத் தாளில் வைத்து சுற்றிலும் கோடு போட வேண்டும். அதற்கு உள்ளேயே பிள்ளை தன் கையை வைத்து இன்னொரு கோடு. பெரிய கைக்குள் சின்ன கை! அம்மாவின் ஒவ்வொரு விரலிலும் அந்தக் கை இன்று செய்த ஒரு வேலையை எழுத வேண்டும். 'எனக்கு தலை சீவி விட்டது', 'ரெண்டு மூட்டை பழம் பறிச்சது', 'தம்பிக்கு சோறு ஊட்டுச்சு' என்று எதுவாகவும் இருக்கலாம்.

கலர் பென்சில் இல்லையா? கவலை வேண்டாம். காபி டிக்காஷனைக் கெட்டியாகப் போட்டு, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டால் அருமையான பழுப்பு கலர். மஞ்சள் தூள் இருக்கிறது, செம்மண் இருக்கிறது. பழச்சாறு பட்டுக் கறுத்துப்போன அம்மாவின் விரல் நுனிக்கு அந்த டிக்காஷன் கலர் அப்படியே பொருந்தும். ஐந்து விரலுக்கும் வேலை எழுத உட்காரும்போதுதான், அம்மா ஒரு நாளில் எவ்வளவு செய்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்கு உறைக்கும். மூட்டை தூக்கும் அப்பா கைக்கும், வெற்றிலை இடிக்கும் பாட்டி கைக்கும் இதே படம் போடலாம்.

50 காசுல ஒரு சந்தோஷம்

80, 90களில் பொங்கல் என்றாலே வாழ்த்து அட்டைதான். கரும்பு, காளை, சாமி படங்களில் இருந்து எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் வரை பெட்டிக்கடைகளில் தொங்கும். எஸ்.எம்.எஸ். வந்தது, அப்புறம் வாட்ஸ்அப் வந்தது, அட்டை போயே போச்சு. ஆனால் 1879-ல் இந்தியாவுக்கு வந்த அஞ்சல் அட்டை இன்னும் போகவில்லை. விலை 50 காசு.

கீழே ஊரில் இருக்கும் தாத்தா, மாமா, பழைய டீச்சர் என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். 'பொங்கல் வாழ்த்துக்கள்' என்று மட்டும் எழுதினால் அது வாட்ஸ்அப் பார்வர்டு மாதிரிதான். 'போன வருஷம் எனக்கு காய்ச்சல் வந்தப்ப தோள்ல தூக்கிட்டு பஸ் ஏத்தி விட்டீங்க, மறக்கல' என்று நடந்த ஒன்றை எழுதினால் அந்தக் கார்டு டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாகப் போகும். பண்டிகைக்கு போஸ்ட் ஆபீஸ் மூடியிருக்கும். எனவே போகிக்கு நாலு நாள் முன்பே போட்டுவிட வேண்டும். ஆறு இலக்க பின்கோடு எழுதவும் அப்போதே பழக்கிவிடலாம்.

இதை ஆராய்ச்சி செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு உதவியும் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியவர்களின் சந்தோஷம் கூடியது, ஒரு மாதம் வரை அது தெரிந்தது. 2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தனர். 'கடிதம் வாங்குபவர் சங்கடப்படுவாரோ' என்று எழுதியவர்கள் கூச்சப்பட்டார்கள். வாங்கியவர்களோ எதிர்பார்த்ததை விட அதிகமாகப் பூரித்துப் போனார்கள். ரெண்டுமே பெரியவர்களிடம் செய்த ஆய்வுதான். ஆனால் கூச்சம் பிள்ளைகளுக்கும் உண்டே!

மாடும் குதிரையும்

மாட்டுப் பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்ட, மாலை கட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொம்புக்கு பெயிண்ட் அடிப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ரோடு போகாத தோட்டங்களில் காபி மூட்டை, வாழைத்தார் சுமப்பது குதிரைகள். அவற்றுக்கும் ஒரு மாலை போட்டால் என்ன? ஒரு எச்சரிக்கை: பாசத்தில் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்டினால் மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி ஆபத்தாகிவிடும். கைப்பிடி போதும், மற்றபடி புல்தான்.

காணும் பொங்கலுக்குப் பெரியவர்கள் காலில் விழுந்து காசு வாங்குவது வழக்கம். காசு வாங்கியதும் ஓடிவிடாமல், 'பாட்டி, உன் சின்ன வயசுல பொங்கல் எப்படி?' என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பதிலைச் செல்போனில் பதிவு செய்யட்டும். செல்போனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளை எழுதியதில் எழுத்துப்பிழை தேடாதீர்கள். 'இந்த அக்கறையைப் படிப்புல காட்டு' என்ற டயலாக் வேண்டவே வேண்டாம், அடுத்த வருஷம் அது பென்சிலையே தொடாது. படத்தை ஸ்டேட்டஸ் போடும் முன் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். சுவரில் ஒட்ட சோற்றுப் பருக்கை போதும்.

படம் முடிந்த ஜோரில், 'தோட்டத்துக்கே போய் அம்மாகிட்ட குடுக்கிறேன்' என்று பிள்ளைகள் கிளம்பினால் மட்டும் விடாதீர்கள். காட்டெருமையும் யானையும் நடமாடும் இடம் இது. அம்மா வீடு வந்து கை கால் கழுவி உட்காரட்டும். ஒரு டம்ளர் சூடான சுக்கு காபியோடு சேர்த்து அப்போது கொடுக்கலாம்.