தோல் நோயும் காப்பீட்டு அட்டையும்

தேவதானப்பட்டியில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையில் ஏந்தி, "இதனை ஏற்கும் தோல் மருத்துவர் அருகில் உளரோ?" என வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. ஆயின் 2012-இல் தொடங்கிய அத்திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்குமே உரியது. சொறிக்கும் படைக்கும் மருத்துவரைக் காண அது உதவாது. (அட்டைக்காக வரிசையில் நின்றவரிடம் இதைக் கூறுதல் எளிதன்று!)

அட்டையைத் தேடும் நாள்களில் பலர் மருந்துக்கடைக் களிம்பை நாடுகின்றனர். அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பின், படர்தாமரை அடங்கியதுபோல் தோன்றிப் பின்னர் உடலெங்கும் பரவும். அன்பர்களே, காலையிலேயே பேருந்தேறித் தேனி வழியாகக் க.விலக்கு செல்லுங்கள். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் அட்டை இன்றியே இலவசமாய்ப் பார்ப்பர்.

வெளிறிய, உணர்ச்சியற்ற தேமலாயின் அப்பயணத்திற்கும் காத்திராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே காட்டுங்கள். தொழுநோய் எனத் தெரியவரின், அதற்குரிய கூட்டு மருந்தும் அரசு தருவதே, விலையில்லை.