இரண்டு வோபர்ன்கள்

இங்கிலாந்தின் பெட்போர்ட்ஷயரில் வோபர்ன் என்றொரு சின்னஞ்சிறு கிராமம். 1145இல் சிஸ்டெர்சியன் துறவிகள் அங்கே ஒரு மடம் அமைத்தார்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அதுவும் மூடப்பட்டது. நிலம் ரஸ்ஸல் குடும்பத்தின் கைக்குப் போனது. அவர்களே பின்னாளில் பெட்போர்ட் பிரபுக்கள் ஆனார்கள்.

கிராமம் மூன்று முறை தீக்கிரையாகி, மூன்று முறையும் மீண்டும் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வீடுகள் கடைத்தெருவில் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

உலகம் அந்த ஊருக்கு நன்றி சொல்ல வேண்டிய காரணம் ஒன்று உண்டு. சீனத்துப் பெர் டேவிட் மான், 1900ஐ ஒட்டித் தன் தாய்மண்ணிலேயே அற்றுப்போனது. 11ஆவது பெட்போர்ட் பிரபு, ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகளில் எஞ்சியிருந்த மான்களைத் திரட்டி வோபர்ன் பூங்காவில் வளர்த்தார். அவற்றின் வழிவந்த மான்கள் 1985இல் பீஜிங்குக்கே திரும்பிப் போயின.

வோபர்ன் என்ற பெயர் அட்லாண்டிக்கையும் கடந்தது. 19ஆம் நூற்றாண்டில், இன்று கனடாவின் ரொறன்ரோ நகரில் அடங்கும் ஸ்காபரோவின் மார்க்கம் வீதியோரம், ஒரு விடுதியைச் சுற்றி இன்னொரு வோபர்ன் வளர்ந்தது. அன்றைய டவுன்ஷிப் மன்றம் பல ஆண்டுகள் கூடிய இடமும் அதுதான்.

இந்த இரண்டாவது வோபர்னைச் சூழ்ந்திருந்த வயல்கள் இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. ஹைலண்ட் கிரீக் ஓடை மட்டும் பள்ளத்தாக்கு வழியே ஒன்ராறியோ ஏரியை நோக்கி இன்னும் ஓடுகிறது. 2016 குடிசன மதிப்பீட்டின்படி, தமிழர் பலரும் வாழும் ரொறன்ரோ வோபர்னின் மக்கள்தொகை 53,000க்கும் மேல். பெயர் தந்த கிராமத்தைவிடப் பல மடங்கு.